மின்கலம் கற்பித்த பாடம்

தமிழ்த்துறை மலரில் கார் பேட்டரியைப் பற்றி எழுதத் துணிந்தமைக்கு முதலில் ஒரு விளக்கம் கூறிவிடுவது முறையாகும். எழுத்தும் சொல்லும் பொருளும் கற்பிக்கும் ஒருவனுக்குக் காரீயத் தகட்டோடும் கந்தக அமிலத்தோடும் என்ன உறவு என்று மாணவர்கள் வினவலாம். நாற்பது வயதைக் கடக்கும்வரை எனக்கும் அப்படி ஓர் உறவு இருந்ததில்லை. ஓர் இரவு அந்த உறவை உண்டாக்கிற்று. அந்த இரவில் நான் அறிந்துகொண்டதையும், அதன்பின் இருவரிடம் மாணவனாக அமர்ந்து கற்றுக்கொண்டதையும் இங்கே எழுதுகிறேன். அந்த இருவருள் ஒருவர் என் அத்தா. மற்றவர் என் பழைய மாணவர்.

அத்தாவின் வெள்ளிக்கிழமைகள்

என் அத்தா பல்லாவரத்தில் தோல் பதனிடும் தொழிற்சாலை ஒன்றில் வண்டி ஓட்டுநராக இருந்தவர். குரோம்பேட்டை, பல்லாவரம் பகுதிகளில் தோல் தொழில் செழித்திருந்த காலம் அது. முதலாளியின் அம்பாசிடர் கார் அத்தாவின் பொறுப்பில் இருந்தது. வெள்ளிக்கிழமை காலையில் ஜும்ஆவுக்குக் குளிக்கப் போகும் முன் அவர் தவறாமல் செய்யும் வேலை ஒன்று உண்டு. காரின் முன்மூடியைத் திறப்பார். பேட்டரியின் மேலுள்ள ஆறு மூடிகளையும் ஒவ்வொன்றாகத் திருகி எடுத்து, ஒரு துணியின்மேல் வரிசையாக வைப்பார். கண்ணாடிப் புட்டியிலிருந்து சிறிது சிறிதாகத் தண்ணீர் ஊற்றுவார். பின்பு மேற்பகுதியை ஈரத்துணியால் துடைத்து, இரு முனைகளிலும் வாசலைன் தடவுவார். விடுமுறை நாள்களில் புட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பது சிறுவனான என் பணி.

“எண்ணெய் குறைந்தால் வண்டி சத்தம் போட்டுச் சொல்லும், தம்பி. பேட்டரியில் தண்ணீர் குறைந்தால் வாயே திறக்காது. ஒரு நாள் சொல்லாமல் படுத்துக்கொள்ளும்” என்பார் அத்தா. பேட்டரி படுத்துக்கொண்டாலும் அம்பாசிடரில் ஒரு வழி இருந்தது. முன்புறத் துளையில் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுழற்றி எஞ்சினை எழுப்பிவிடலாம். அந்தக் கைப்பிடி எதிர்த்து உதைத்ததில் அத்தாவின் வலது மணிக்கட்டு ஒருமுறை பிசகியது. அந்த வீக்கத்தோடும் அடுத்த வெள்ளிக்கிழமை அவர் முன்மூடியைத் திறந்தார்.

நான் படித்தேன். எம்.ஏ. முடித்து, எம்.ஃபில். பட்டமும் பெற்று விரிவுரையாளன் ஆனேன். சேக்கிழார் பிறந்த குன்றத்தூரில் சிறிய வீடொன்று கட்டிக் குடியேறினோம். 2014-இல் பிறர் ஓட்டிய சிறிய கார் ஒன்றை வாங்கினேன். கார் வீட்டு வாசலில் வந்து நின்றதும் அத்தா முதலில் பார்த்தது அதன் நிறத்தை அன்று, பேட்டரியை. “மாதம் ஒருமுறையாவது திறந்து பார்” என்றார். “அதெல்லாம் மெக்கானிக் பார்த்துக்கொள்வார், அத்தா” என்றேன். அவர் மறுமொழி கூறவில்லை. இன்று எண்ணிப் பார்த்தால், அந்த விடையில் ஒரு செருக்கு இருந்ததை உணர்கிறேன். அத்தா முன்மூடியைத் திறந்து நின்றது நான் புத்தகத்தைத் திறந்து அமர்வதற்காகத்தான். ஆகவே இனி அந்த மூடியை நான் தொட வேண்டியதில்லை என்று உள்ளூர எண்ணியிருந்தேன் போலும்.

அந்த இரவு

2020 மார்ச் 25-ஆம் நாள் நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியது. கார் வாசலில் நின்றது. இடையில் இரண்டு முறை மளிகைக்காகக் கடைத்தெரு வரை ஓட்டினேன். அத்தா மட்டும் அவ்வப்போது நினைவூட்டினார்: “வண்டியை ஓட்டாமல் போட்டு வைக்காதே, தம்பி.” நான் இணையவழி வகுப்புகளுக்குப் பாடம் ஆயத்தம் செய்துகொண்டிருந்தேன். ஜூன் 19 முதல் சென்னையிலும் அதைச் சூழ்ந்த பகுதிகளிலும் முழு ஊரடங்கு மீண்டும் இறுக்கப்பட்டது. அந்த நாள்களில் ஒருநாள், இரவு ஒன்றரை மணியளவில் அத்தா என்னை எழுப்பினார். மார்பின் நடுவில் பாரம் வைத்தாற்போல் இருக்கிறது என்றார். நெற்றி வியர்த்திருந்தது.

அவசர ஊர்திகள் ஓய்வின்றி ஓடிக்கொண்டிருந்த காலம் அது. காத்திராமல் நம் காரிலேயே புறப்படுவது என முடிவு செய்தோம். அத்தாவைப் பின்னிருக்கையில் அமர்த்திச் சாவியைத் திருகினேன். ‘டக்’கென்று ஓர் ஒலி, பிறகு ஒன்றுமில்லை. மீண்டும் திருகினேன். முகப்பு விளக்குகள் மங்கி அணைந்தன. பக்கத்து வீட்டுக்காரரும் என் மைத்துனரும் தெருக்கோடி வரை வண்டியைத் தள்ளினார்கள். கார் அசைந்தது, எஞ்சின் எழவில்லை. பழைய வண்டிகளைப் போலன்றி இக்காலக் கார்களில் எரிபொருளை அனுப்பும் பம்புக்கும் கட்டுப்பாட்டுக் கணினிக்கும் மின்சாரம் வேண்டும் என்பதும், பேட்டரி முற்றும் இறங்கிவிட்டால் தள்ளியும் பயனில்லாமல் போகலாம் என்பதும் எனக்கு அப்போது தெரியாது.

பக்கத்து வீட்டுக்காரர்தாம் கூறினார்: “மூலைக்கடை எலக்ட்ரீசியன் தம்பி கடைக்கு மேலேதான் குடியிருக்கிறார்.” அவரே ஓடிச் சென்று எழுப்பி வந்தார். முகக்கவசம் அணிந்த இளைஞர் ஒருவர் தம் மொபெட்டின் முன்புறத்தில் ஒரு பேட்டரியை வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். சிவப்பும் கறுப்புமாக இரண்டு கம்பிகளை மாட்டினார். சிறிது நேரம் பொறுத்து, “இப்போது போடுங்கள்” என்றார். எஞ்சின் உயிர் பெற்றது. “வழியில் எங்கும் அணைத்துவிடாதீர்கள், ஐயா. ஏ.சி. போடாதீர்கள்” என்றார். அந்த ‘ஐயா’வில் பழகிய ஒரு தொனி இருந்தது. நின்று கேட்க நேரமில்லை.

அத்தா என்னை எழுப்பியதற்கும் கார் புறப்பட்டதற்கும் இடையே நாற்பது நிமிடம் கழிந்திருந்தது. கோவூர் வழியாகப் போரூரை அடைந்து மருத்துவமனையில் சேர்த்தோம். மாரடைப்பு என்றார்கள். அடைப்பை நீக்கினார்கள். அத்தா பிழைத்தார். ஆனால் இதயத் தசையில் ஒரு பகுதி வலுவிழந்துவிட்டது என்று மருத்துவர் கூறினார். இத்தகைய நோயில் ஒவ்வொரு நிமிடமும் கணக்கில் சேரும் என்றும் பொதுவாகச் சொன்னார். அந்த நாற்பது நிமிடம் எவ்வளவு கணக்கில் சேர்ந்தது என்று நான் அவரிடம் கேட்கவில்லை. கேட்கத் துணிவு வரவில்லை என்பதே உண்மை.

பெட்டிக்குள் நடப்பது

பேட்டரி என்னும் சொல்லுக்கு ஆங்கிலத்தில் முதற்பொருள் பீரங்கிகளின் வரிசை. 18-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பெஞ்சமின் பிராங்ளின் மின்னைச் சேமிக்கும் கண்ணாடிக் குடுவைகளை வரிசையாக இணைத்தபோது அச்சொல்லை அவற்றுக்கு வழங்கினார். 1800-இல் இத்தாலியரான வோல்ட்டா இடைவிடாது மின்னோட்டம் தரும் முதல் மின்கல அடுக்கை உலகுக்கு அறிவித்தார். ஆனால் அது தீர்ந்தால் தீர்ந்ததுதான். 1859-இல் பிரெஞ்சு நாட்டவரான காஸ்டன் பிளாண்டே, காரீயத் தகடுகளைக் கந்தக அமிலத்தில் இட்டு, மீண்டும் மீண்டும் மின்னேற்றக்கூடிய மின்கலத்தைப் படைத்தார். 1912-இல் காடிலாக் கார்களில் கெட்டரிங் என்பார் வடிவமைத்த மின்தொடக்கி பொருத்தப்பட்டது. மணிக்கட்டை முறிக்கும் கைப்பிடிக்கு அன்று மாற்று வந்தது. அந்தக் காரீய மின்கலத்தின் வழித்தோன்றலே இன்றும் பெரும்பாலான கார்களின் முன்மூடிக்கடியில் இருக்கிறது. மின்சாரத்தால் ஓடும் புதிய கார்களிலும் விளக்கு, பூட்டு முதலியவற்றுக்காக 12 வோல்ட் பேட்டரி தனியே வைக்கப்படுகிறது.

கார் பேட்டரியில் ஆறு அறைகள் உள்ளன. ஒவ்வோர் அறையும் ஏறத்தாழ 2.1 வோல்ட் தரும் ஒரு மின்கலம். ஆறும் சேர்ந்து 12.6 வோல்ட். ஒவ்வோர் அறையிலும் காரீயத் தகடுகளும், காரீய ஈராக்சைடு பூசிய தகடுகளும் நீர்த்த கந்தக அமிலத்தில் அடுத்தடுத்து நிற்கின்றன. மின்சாரம் வெளியேறும்போது இருவகைத் தகடுகளிலும் காரீய சல்பேட்டு படிகிறது. அமிலம் தண்ணீர்த்தன்மை அடைகிறது. எஞ்சின் ஓடும்போது மின்னாக்கி மின்சாரத்தைத் திருப்பி அனுப்ப, படிந்தது கரைந்து பழைய நிலை மீள்கிறது. மெய்யெழுத்து உயிரின் துணையின்றி இயங்காது என்பது நம் இலக்கணம். காருக்கு உயிரெழுத்து இந்தப் பெட்டிதான் என்று வகுப்பில் கூறினால் மாணவர்கள் சிரிப்பார்கள். ஆயினும் அது பொருந்தும்.

இறங்கிய நிலையில் பல நாள் விட்டுவைத்தால் அந்தப் படிவு கடினமான படிகமாக இறுகிவிடுகிறது. பிறகு எவ்வளவு மின்னேற்றினாலும் முழுமையாகக் கரைவதில்லை. நின்றுகொண்டேயிருக்கும் வண்டியின் பேட்டரி மாண்டுபோவது இதனால்தான். உழைத்துத் தேய்வதைவிட ஓய்ந்து கெடுவது விரைவாக நிகழ்கிறது.

நாற்காலியிலிருந்து நடத்திய வகுப்பு

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய பின் வந்த முதல் வெள்ளிக்கிழமை அத்தா ஒரு நாற்காலியை வாசலில் போடச் சொன்னார். “முன்மூடியைத் திற” என்றார். அந்த இரவைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. அன்றும் பேசவில்லை, பின்பும் பேசவில்லை. நான் திறந்தேன்.

“முதலில் கண்ணால் பார். பிறகுதான் கை” என்று தொடங்கினார். முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. பெட்டியின் பக்கம் உப்பியிருக்கிறதா, விரிசலுண்டா, கம்பிகள் தளர்ந்தாடுகின்றனவா என்று பார்க்கச் செய்தார். உப்பிய பெட்டியையும் விரிசல் கண்ட பெட்டியையும் சீர்செய்ய முயலக் கூடாது, மாற்றிவிட வேண்டும்.

முனைகளைக் கழற்றும் ஒழுங்கை மூன்று முறை சொல்லச் சொன்னார். எஞ்சினும் விளக்குகளும் அணைந்திருக்க வேண்டும். முதலில் மைனஸ் கம்பியைக் கழற்ற வேண்டும். மாட்டும்போது அதையே கடைசியாக மாட்ட வேண்டும். காரின் உடல் முழுவதும் மைனஸோடு இணைந்திருப்பதால், பிளஸை முதலில் கழற்ற முயலும்போது ஸ்பானர் காரின் இரும்பில் பட்டால் பெருந்தீப்பொறி பறக்கும். கையில் மோதிரமோ உலோகப் பட்டையுள்ள கடிகாரமோ இருக்கக் கூடாது. என் கைக்கடிகாரத்தைக் கழற்றி அத்தாவிடம் கொடுத்தேன். அவர் அதைத் தம் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

பூத்திருந்ததை அகற்ற, சமையல் சோடாவை வெந்நீரில் கரைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்தேன். நுரைத்துப் பொங்கியது. அமிலத்தின் மிச்சத்தைச் சோடா முறிக்கிறது. அந்தக் கரைசல் ஒரு துளியும் அறைகளுக்குள் போய்விடாதபடி ஆறு மூடிகளும் இறுக மூடியிருக்க வேண்டும். பின்பு தண்ணீரால் கழுவி, உலரத் துடைத்து, கம்பிகளை இறுக்கி, மேலே வாசலைன் தடவினேன்.

அடுத்தது தண்ணீர். பேட்டரி மின்னேறும்போது உள்ளிருக்கும் தண்ணீரில் ஒரு பகுதி ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்து வெளியேறுகிறது. கோடை வெப்பமும் சிறிது குடிக்கிறது. அமிலம் போவதில்லை. எனவே குறைவது தண்ணீர். ஊற்ற வேண்டியதும் தண்ணீர்தான். வண்டி சோம்பினால் அமிலம் ஊற்றிச் சுறுசுறுப்பாக்கலாம் என்று எண்ணுவோர் உண்டு. அது தகடுகளை அரித்துவிடும். தகடுகள் மூழ்கி, பெட்டியில் குறித்துள்ள மேல்கோட்டைத் தொடும் அளவே போதும். மிகுந்தால் மின்னேறும்போது பொங்கி வழியும். பேட்டரியில் மின்சாரம் நிறைந்திருக்கும்போது ஊற்றுவது நல்லது. தகடுகள் வெளியே தெரியுமளவு வற்றியிருந்தால் முதலில் அவை மூழ்குமளவு மட்டும் ஊற்றி, மின்னேற்றிய பின் கோடு வரை நிரப்ப வேண்டும்.

“இருட்டாக இருக்கிறதென்று தீக்குச்சி கிழித்துப் பார்க்காதே. தொழிற்சாலையில் ஒருவர் அப்படிப் பார்த்தார். முகம் வெந்தது” என்றார் அத்தா. வெளியேறும் ஹைட்ரஜன் எளிதில் வெடிக்கும் வாயு. பக்கத்தில் பீடியோ சிகரெட்டோ கூடாது. கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்கு ரப்பர் உறையும் வேண்டும். அமிலம் தோலில் தெறித்தால் ஓடும் தண்ணீரில் நெடுநேரம் கழுவ வேண்டும். கண்ணில் தெறித்தால் கழுவிக்கொண்டே மருத்துவரிடம் விரைய வேண்டும்.

மாணவர் நடத்திய வகுப்பு

அந்த எலக்ட்ரீசியன் இளைஞருக்கு நன்றி கூறச் சென்றபோது முகக்கவசத்தைச் சற்றே இறக்கிச் சிரித்தார். எங்கள் கல்லூரியில் பட்ட வகுப்புப் படித்தவர். தமிழ்த்தாளில் இருமுறை தேறாமற்போனவர். ஒருநாள் அவருடைய விடைத்தாளை வகுப்பில் உயர்த்திப் பிடித்து, இவருக்கு எதுவும் ஏறாது என்று நான் சொன்னதுண்டு. எனக்கு அது நினைவுக்கு வந்தது. அவருக்கு வராமல் இருந்திருக்க முடியாது. அவர் அதைக் குறிப்பிடவில்லை. ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு, “உட்காருங்கள், ஐயா” என்றார்.

கார் ஏன் படுத்தது என்று கேட்டேன். ஒரு தாளில் கணக்கிட்டுக் காட்டினார். கார் நின்றிருந்தாலும் கடிகாரம், பூட்டு, கணினி ஆகியவை சிறிது மின்சாரத்தை எந்நேரமும் உறிஞ்சுகின்றன. அது 30 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர் மணி; முப்பது நாளைக்கு 21.6. சிறிய காரின் பேட்டரி கொள்வதே ஏறத்தாழ 35 ஆம்பியர் மணி. ஒரு மாதத்திலேயே பாதிக்கு மேல் போய்விடுகிறது. என் கார் ஏறத்தாழ மூன்று மாதம் நின்றது. “தினமும் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள், ஐயா. ஸ்டார்ட் ஆகச் செலவானதை ஈடுகட்டவே அது போதாது. வாரத்தில் ஒருநாள் அரைமணி நேரமாவது சாலையில் ஓட்ட வேண்டும். ஓட்ட வழியில்லையென்றால் மைனஸ் கம்பியைக் கழற்றி வைக்கலாம், அல்லது வீட்டில் சிறிய சார்ஜரில் போடலாம்.”

பின்பு மல்டிமீட்டரைக் கையில் கொடுத்தார். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் கருவி. இரவு முழுவதும் வண்டி ஓய்ந்திருந்த பின் காலையில் இரு முனைகளிலும் வைத்துப் பார்க்க வேண்டும். 12.6 வோல்ட்டோ அதற்கு மேலோ காட்டினால் நிறைவு. 12.4 என்றால் முக்கால். 12.2 பாதி. 12.0-க்கு வந்துவிட்டால் ஏறத்தாழக் கால்பங்குதான் இருக்கிறது. உடனே மின்னேற்ற வேண்டும். எஞ்சின் ஓடும்போது 13.8-க்கும் 14.5-க்கும் இடையில் காட்டினால் மின்னாக்கி தன் கடமையைச் செய்கிறது. அது குறைந்தால் குற்றம் பேட்டரியுடையது அன்று. புதிய பேட்டரி வாங்கியும் பயனிராது. ஸ்டார்ட் செய்யும் நொடியில் 10 வோல்ட்டுக்குக் கீழே சரிந்து விழுந்தால் பேட்டரி முதுமையடைந்துவிட்டது என்று ஐயுறலாம். கருவி இல்லாதவர்கள் முகப்பு விளக்கைப் போட்டுச் சாவியைத் திருகிப் பார்க்கலாம். ஒளி பெரிதும் மங்கினால் அது முன்னறிவிப்பு.

மூடி திறக்கும் பேட்டரிகளில் அமிலத்தின் அடர்த்தியை அளக்க ஹைட்ரோமீட்டர் உண்டு. நிறைந்த நிலையில் 1.265 அளவில் காட்டும். வெப்ப நாடுகளுக்கென்று செய்யப்பட்டவற்றில் இன்னும் சற்றுக் குறைவாக இருப்பதுண்டு. ஆறு அறைகளும் ஒத்திருக்கின்றனவா என்பதே முதன்மை. ஓர் அறை மட்டும் மற்றவற்றினும் 0.050 அளவு தாழ்ந்திருந்தால் அந்த அறை கெட்டுவிட்டது என்று பொருள். ‘மெயின்டனன்ஸ் ஃப்ரீ’ எனப்படும் மூடப்பட்ட பேட்டரிகளில் தண்ணீர் ஊற்ற இடமில்லை. ஆனால் முனைகளைத் துடைப்பதும் வோல்ட் அளப்பதும் அவற்றுக்கும் உண்டு. மேலே தெரியும் பச்சைக்கண் ஓர் அறையின் நிலையை மட்டுமே காட்டும் என்றார்.

பிற பேட்டரியிலிருந்து உயிர்ப்பிக்கும் முறையையும் செய்து காட்டினார். இரண்டும் 12 வோல்ட்டாக இருக்க வேண்டும். சிவப்புக் கம்பியை இறங்கிய பேட்டரியின் பிளஸில் முதலில் மாட்டி, அதன் மறுமுனையை நல்ல பேட்டரியின் பிளஸில் மாட்ட வேண்டும். கறுப்புக் கம்பியை நல்ல பேட்டரியின் மைனஸில் மாட்டி, மறுமுனையைப் படுத்த வண்டியின் எஞ்சினில், பேட்டரியிலிருந்து எட்டியுள்ள வெற்று உலோகப் பகுதியில் மாட்ட வேண்டும். கடைசி இணைப்பில்தான் பொறி எழும்; அது ஹைட்ரஜன் வெளியேறும் இடத்துக்கு அருகில் எழக் கூடாது. கழற்றும்போது இதே வரிசையைப் பின்னிருந்து தொடங்க வேண்டும்.

நம் ஊருக்கே உரிய இரண்டு செய்திகளையும் அவர் சேர்த்தார். குளிர்தான் பேட்டரிக்குப் பகை என்று பலர் எண்ணுகிறார்கள். வெப்பநிலை 10 பாகை உயர்ந்தால் வேதிவினையின் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும். கத்திரி வெயிலில் உள்ளே அரிப்பும் அப்படியே விரைகிறது. ஆகையால் வண்டியை நிழலில் நிறுத்துவதும் ஒரு பராமரிப்பே. மூன்று ஆண்டு கடந்த பேட்டரியை மழைக்காலத்துக்கு முன் அளந்து பார்த்துவிட வேண்டும். மற்றொன்று வெள்ளம். செம்பரம்பாக்கம் ஏரிக்கு அருகில் வாழும் நமக்கு 2015 டிசம்பர் மறக்காது. வெள்ள எச்சரிக்கை வந்தால் காரை மேட்டில் ஏற்றி, முடிந்தால் மைனஸ் கம்பியைக் கழற்றிவிட வேண்டும். தண்ணீரில் மூழ்கிய காரில் எக்காரணத்தாலும் சாவியைத் திருகக் கூடாது.

திருத்தப்பட்ட என் தமிழ்

இவற்றையெல்லாம் வாடிக்கையாளர்களுக்கு ஓர் அட்டையில் அச்சிட்டுத் தர அவர் விரும்பினார். எழுதித் தருமாறு என்னைக் கேட்டார். மகிழ்ந்து எழுதினேன். ‘மின்கல அடுக்கின் நேர்முனை, எதிர்முனை’ என்று தொடங்கி, ‘காய்ச்சி வடித்த நீரை மட்டுமே பயன்படுத்துக’ என்று முடித்திருந்தேன். படித்துப் பார்த்துத் தயங்கினார்.

“தப்பாக நினைக்காதீர்கள், ஐயா. ‘காய்ச்சி வடித்த’ என்று போட்டால் தண்ணீரைக் கொதிக்க வைத்து, துணியில் வடிகட்டி ஊற்றிவிடுவார்கள். ஒருவர் உண்மையாகவே அப்படிச் செய்துவிட்டு வந்தார்.”

திகைத்துப் போனேன். நீராவியைக் குளிரவைத்துப் பெறுவதே அந்நீர். நம் பகுதி ஆழ்குழாய்த் தண்ணீரில் உப்பு மிகுதி. கொதிக்க வைத்தாலும் அந்த உப்புகள் போவதில்லை. குடிநீர் சுத்திகரிப்புக் கருவியின் தண்ணீரிலும் சிறிது எஞ்சியிருக்கும். ஏ.சி. இயந்திரத்திலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து ஊற்றுவோரும் உண்டு. அதில் தூசும் உலோகத் துகளும் கலந்திருக்கும். என் தொடர் இலக்கணப் பிழையற்றது. ஆனால் ஒரு பேட்டரியைக் கொல்லப் போதுமானது. ‘கடையில் பேட்டரிக்கென்று விற்கும் டிஸ்டில்டு வாட்டர் மட்டும்’ என்று அவர் சொல்ல நான் எழுதினேன். நேர்முனை ‘பிளஸ் (சிவப்பு)’ ஆயிற்று. தேறாத மாணவர் என்று நான் முத்திரை குத்தியவர் என் தமிழைத் திருத்தினார். திருத்தம் சரியாகவும் இருந்தது. அன்று அவரிடம் அந்த விடைத்தாள் நாளைப் பற்றிப் பேசி வருத்தம் தெரிவித்தேன். “விடுங்கள், ஐயா” என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்தார். காது சிவந்திருந்ததைக் கண்டேன்.

அட்டையின் கடைசி வரி அவருடையது: ‘பழைய பேட்டரியைக் காயலான் கடையில் போடாதீர்கள், வாங்கிய கடையிலேயே கொடுங்கள்.’ காரீயம் நஞ்சு. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது. கொல்லைப்புறத்தில் பெட்டியை உடைத்து உருக்கும்போது அது மண்ணிலும் மூச்சிலும் கலக்கிறது. பழைய பேட்டரிகளை விற்பனையாளர்கள் திரும்பப் பெற வேண்டும் என்பதற்கு 2001 முதலே நம் நாட்டில் விதிகள் உண்டு. 2022-இல் புதிய விதிகள் அவற்றின் இடத்தைப் பெற்றன. திருப்பிக் கொடுத்தால் புதியதின் விலையில் தள்ளுபடியும் கிடைக்கிறது.

காத்திருக்கும் வண்டிகள்

அத்தா 2023-இல் இறைவனடி சேர்ந்தார். அந்த மூன்று ஆண்டுகளில் வெள்ளிக்கிழமைதோறும் நாற்காலியைப் போட்டு நான் முன்மூடியைத் திறப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி மாதங்களில் கட்டிலிலிருந்தே கேட்பார்: “எவ்வளவு காட்டுகிறது?” நான் வாசலிலிருந்து குரல் கொடுப்பேன். “பன்னிரண்டு புள்ளி ஆறு, அத்தா.” அதற்குமேல் அவர் எதுவும் கேட்டதில்லை.

மாணவர்களும் ஆசிரியர்களும் பெரியவர்களும் படிக்கும் மலர் இது. ஆகவே ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். கார் இல்லாத வீடுகளிலும் இன்வெர்ட்டர் இருக்கிறது. அதன் பேட்டரிக்கும் தண்ணீர் வேண்டும், காற்றோட்டம் வேண்டும். அதனினும் முதன்மையானவை காத்திருப்பதற்கென்றே நிறுத்தப்பட்டுள்ள வண்டிகள். மகல்லாக்களிலும் அறநிலையங்களிலும் நல்லோர் பொருளுதவியால் வாங்கிய ஆம்புலன்சுகள் நிற்கின்றன. கோடை விடுமுறையில் கல்லூரிப் பேருந்துகள் நிற்கின்றன. வண்டி வாங்க நிதி திரட்டுகிறோம், பெயர்ப்பலகை வைக்கிறோம். வாரம் ஒருமுறை அதன் முன்மூடியைத் திறப்பவர் யார் என்று குறிப்பதில்லை. ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு மல்டிமீட்டர், பொறுப்பேற்கும் ஒரு மனிதர் ஆகிய மூன்றும் போதும். எந்த வீட்டில் எந்த இரவில் யார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அமர்வார் என்பதை நாம் அறியோம்.

இப்போதும் வெள்ளிக்கிழமை காலையில் என் வாசலில் அந்தப் பணி நடக்கிறது. புட்டியைப் பிடிப்பவள் என் மகள். பதினோராம் வகுப்பு மாணவி. மல்டிமீட்டரைப் படித்து நோட்டில் எழுதுவதும் அவளே. சென்ற வாரம் 12.4 காட்டியது. “ஏன் குறைந்தது, அத்தா?” என்று கேட்டாள். தேர்வுத் தாள் திருத்தும் பணியில் பத்து நாளாக வண்டியை எடுக்கவில்லை என்று ஒப்புக்கொண்டேன். அன்று மாலை இருவரும் அனகாபுத்தூர் வழியாகப் பல்லாவரம் வரை ஓட்டிச் சென்று திரும்பினோம். அத்தா வேலை பார்த்த தெருவை அவளுக்குக் காட்டினேன்.